இந்தக் கணக்கு யாருடையது? அலுவலக ஐடி பொறுப்புக்குப் புதிதாக வருபவருக்கு ஒரு வழிகாட்டி

ஐம்பது அறுபது பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தின் ஐடி பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. முன்பு இருந்தவர் ஒரு எக்செல் கோப்பையும் சர்வர் அறைச் சாவியையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இந்த நிலையில் பெரும்பாலானோர் முதலில் செய்வது, இணையத்துக்கும் அலுவலக நெட்வொர்க்குக்கும் நடுவே காவல் நிற்கும் ஃபயர்வால் கருவி புதிதாக வாங்க விலை விசாரிப்பது. அதை இரண்டு மாதம் தள்ளிப்போடலாம். ஒரே ஒரு கேள்வியோடு அலுவலகத்தைச் சுற்றி வாருங்கள்: இது யாருடையது? ஒவ்வொரு கணக்கையும், ஒவ்வொரு கருவியையும், ஃபயர்வாலில் திறந்திருக்கும் ஒவ்வொரு போர்ட்டையும், அதாவது நெட்வொர்க் வாசலையும், பார்த்து இதையே கேளுங்கள். எங்கே பதில் வரவில்லையோ, அங்கே முதலில் கை வையுங்கள்.

2021 மே மாதம் அமெரிக்காவில் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் எரிபொருள் குழாய் ஓர் இணையத் தாக்குதலால் சில நாட்கள் நின்றுபோனது. பல மாநிலங்களில் பெட்ரோல் பங்க்குகளில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. தாக்கியவர்கள் உள்ளே வந்த வழி ஒரு பழைய விபிஎன் கணக்கு, அதாவது வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் நுழைவதற்கான கணக்கு. அதை யாரும் பயன்படுத்தவில்லை, ஆனால் யாரும் மூடவும் இல்லை. அதன் பாஸ்வேர்ட் ஏற்கெனவே கசிந்த ஒரு பட்டியலில் கிடந்தது. பாஸ்வேர்டைத் தாண்டி இரண்டாவது சரிபார்ப்பு எதுவும் இல்லை. 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கப்பமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. உரிமையாளர் இல்லாத ஒரு கணக்கு என்ன செய்யும் என்பதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் உதாரணம் இது.

முதல் வாரம்: பட்டியல் எடுங்கள்

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். கணக்கின் பெயர், அது யாருடையது, எதற்காக, கடைசியாக எப்போது நுழைந்தார்கள். விண்டோஸ் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி இருந்தால் கடைசி நுழைவு நாளை அதிலிருந்தே எடுத்துவிடலாம். மைக்ரோசாஃப்ட் 365, கூகுள் வொர்க்ஸ்பேஸ் இரண்டிலும் அட்மின் பக்கத்தில் அந்த அறிக்கை கிடைக்கும். 90 நாளாக யாரும் நுழையாத கணக்குகளைத் தனியே குறித்து வையுங்கள்.

இதோடு பட்டியல் முடிந்துவிடாது. நம் ஊர் நிறுவனங்களில் மிகவும் முக்கியமான சில கணக்குகள் ஐடி ஆளின் கண்ணுக்கே படாமல் இருக்கும். டாலியின் அட்மின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது? ஜிஎஸ்டி போர்ட்டலின் ஓடிபி எந்த மொபைலுக்குப் போகிறது? நிறுவனத்தின் இணைய முகவரி யார் பெயரில், எந்த மெயிலில் பதிவாகியிருக்கிறது? பல இடங்களில் அது வெப்சைட் செய்து கொடுத்தவரின் சொந்த ஜிமெயிலில் இருக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருடைய ஜிமெயில் பறிபோனால் அந்த முகவரியின் கட்டுப்பாடும், அதோடு உங்கள் மெயில் முழுவதும் பறிபோகும். அப்புறம் டிஜிட்டல் கையொப்ப டோக்கன். முதலாளியின் கையெழுத்துக்குச் சமமான அந்த யுஎஸ்பி, பின் எண் எழுதிய சீட்டோடு கணக்காளர் மேசை டிராயரில் கிடப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். நெட் பேங்கிங்கில் பணம் அனுப்பப் பதிவு செய்பவரும் ஒப்புதல் தருபவரும் ஒரே ஆளா என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இதையெல்லாம் கேட்கும்போது சிலருக்கு முகம் சுருங்கும். பல வருடமாக நம்பிக்கையில் நடந்துவந்த வேலையைச் சந்தேகப்படுவதாகத் தோன்றும். முதலாளியிடம் முன்கூட்டியே பேசி, அவர் வாயால் ஒரு வார்த்தை எல்லோருக்கும் சொல்ல வைத்துவிடுங்கள். அப்போது பாதி வேலை சுலபமாகிவிடும்.

வருபவர், இடம் மாறுபவர், போகிறவர்

அடையாள மேலாண்மை என்று பெரிய பெயரில் சொல்வது நடைமுறையில் இந்த மூன்று பேரைக் கவனிப்பதுதான்.

வருபவருக்குக் கணக்கு தொடங்க ஒரு படிவம் வையுங்கள். எச்.ஆர். அல்லது துறைத் தலைவர் மெயில் அனுப்பினால் போதும், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். உரிமைகளை ஆளுக்குக் கொடுக்காமல் குழுவுக்குக் கொடுங்கள். கணக்குப் பிரிவு, கொள்முதல், ஏற்றுமதி ஆவணங்கள் என்று குழுக்களைப் போட்டு, ஆளை அந்தக் குழுவில் சேர்த்தால் போதும். "முன்னாடி இருந்தவருக்கு என்னென்ன இருந்ததோ அதையே இவருக்கும் கொடுங்க" என்று கேட்பார்கள். அப்படி நகல் எடுக்காதீர்கள். முன்பு இருந்தவர் எட்டு வருடத்தில் சேர்த்த உரிமை எல்லாம் முதல் நாளிலேயே புதியவர் கைக்கு வந்துவிடும்.

இடம் மாறுபவரைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். கொள்முதலில் இருந்தவர் கணக்குப் பிரிவுக்குப் போனால் புதுக் குழுவில் சேர்ப்போம், பழைய குழுவிலிருந்து எடுக்க மாட்டோம். பில் போடவும் அதே பில்லுக்குப் பணம் அனுப்பவும் ஒரே ஆளால் முடிகிற நிலை இப்படித்தான் உருவாகிறது.

போகிறவர் விஷயத்தில் என் முதல் வேலையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். விற்பனைப் பிரிவில் ஒருவர் வேலையை விட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. அவருடைய மெயில் கணக்கை யாரும் மூடவில்லை, ஏனென்றால் அவர் விலகியதை யாரும் ஐடிக்குச் சொல்லவில்லை. அவர் தவறாக எதுவும் செய்யவில்லை. ஆனால் வேறொரு தளத்தில் அவர் அதே பாஸ்வேர்டைப் போட்டிருக்க, அங்கிருந்து அது கசிந்து, அவர் பெயரில் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மெயில் போயிற்று. ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்டதால் மட்டுமே பணம் தப்பியது. அன்றிலிருந்து எங்கே போனாலும் சம்பளக் கணக்கு முடிக்கும் படிவத்தில் ஐடி கையெழுத்துக்கு ஒரு கட்டம் போடச் சொல்கிறேன். அந்தக் கையெழுத்து இல்லாமல் கடைசிச் சம்பளம் போகாது என்றால், தகவல் தானாக உங்களைத் தேடி வரும்.

ஆள் போகும் நாளில் வரிசையாகச் செய்ய வேண்டியது இதுதான். முதலில் கணக்கை முடக்குங்கள், அழிக்காதீர்கள். விண்டோஸ் டொமைனில், அதாவது ஆக்டிவ் டைரக்டரி நிர்வகிக்கும் நெட்வொர்க்கில், கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி தொடங்கினாலும் அது வேறு கணக்கு. உள்ளே இருக்கும் அடையாள எண் மாறிவிடுவதால் பழைய கோப்புகளுக்கான உரிமை திரும்பாது. மூன்று மாதம் கழித்து அழித்தால் போதும். அடுத்து, எல்லாச் சாதனங்களிலிருந்தும் அவரை வெளியேற்றுங்கள். பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். மொபைலில் ஏற்கெனவே திறந்திருக்கும் மெயில் சில நேரம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாவதாக, அவருக்குத் தெரிந்த பொதுப் பாஸ்வேர்டுகள் அத்தனையையும் மாற்றுங்கள்: வைஃபை, டாலி, சிசிடிவி, பார்சல் நிறுவனத்தின் தளம். கடைசியாக, ஓடிபி போகும் மொபைல் எண்கள். இதை அவர் கிளம்பும் முன்பே, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றுவது நல்லது. போன பிறகு ஒவ்வொரு ஓடிபிக்கும் அவரை அழைத்துக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சில கணக்குகள் ஆளின் பெயரில் இருந்தாலும் பின்னால் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். இரவு பேக்கப் எடுக்கும் வேலை பழைய அட்மினின் சொந்தக் கணக்கில் ஓடலாம். அதை முடக்கியதும் பேக்கப் சத்தமில்லாமல் நின்றுவிடும். அதனால் முடக்கிய மறுநாள் காலை, திட்டமிட்ட வேலைகளும் சர்வீஸ்களும் ஓடியிருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

பாஸ்வேர்டும் அதற்கு மேல் ஒரு பூட்டும்

மாதம் ஒருமுறை பாஸ்வேர்ட் மாற்றும் பழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் நிறுத்திவிடலாம். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே, கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லாதீர்கள் என்று எழுதியது. மைக்ரோசாஃப்டும் 2019-ல் தன் விண்டோஸ் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து அதை எடுத்துவிட்டது. காரணம் எளிது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்கள், இல்லையென்றால் மானிட்டரில் சீட்டு ஒட்டுவார்கள். அதற்குப் பதிலாக நீளமாக வைக்கச் சொல்லுங்கள். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், உடைக்கவும் கடினம். நிறுவனத்தின் பெயரோடு வருடத்தைச் சேர்த்த பாஸ்வேர்டை மட்டும் எங்கும் அனுமதிக்காதீர்கள்.

ஆனாலும் பாஸ்வேர்ட் கசியும். அதனால் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வேண்டும். ஒரே நாளில் எல்லோருக்கும் போட முடியாது என்றால் இந்த வரிசையில் போங்கள்: அட்மின் கணக்குகள், விபிஎன், முதலாளியும் கணக்குப் பிரிவும், பிறகு மற்றவர்கள். மொபைலுக்கு வரும் எஸ்எம்எஸ் ஓடிபி ஒன்றுமில்லாததைவிட நல்லதுதான். ஆனால் உங்கள் எண்ணுக்கு வேறு ஒருவர் மாற்று சிம் வாங்கிவிட்டால் அது அவர் கைக்குப் போய்விடும். 30 விநாடிக்கு ஒருமுறை எண் மாறும் அத்தென்டிகேட்டர் செயலி அதைவிட மேல். அட்மின்களுக்கும் பணம் கையாளுபவர்களுக்கும் முடிந்தால் யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி வாங்கிக் கொடுங்கள். போலித் தளத்தில் அந்தச் சாவி வேலையே செய்யாது, அதுதான் அதன் சிறப்பு. 2022-ல் கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் போலிப் பக்கம் ஒன்றில் தங்கள் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் நுழைவுக்குச் சாவி கட்டாயம் என்பதால் தாக்கியவர்களால் உள்ளே வர முடியவில்லை.

அனுமதிக்கிறீர்களா என்று மொபைலில் கேட்கும் முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது. 2022 செப்டம்பரில் ஊபருக்குள் நுழைந்தவர், ஒரு ஒப்பந்தப் பணியாளரின் மொபைலுக்குத் திரும்பத் திரும்ப அனுமதிக் கோரிக்கை அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தப் பணியாளர் ஒருமுறை ஏற்றுக்கொண்டுவிட்டார். உங்கள் மென்பொருளில் திரையில் தெரியும் எண்ணை மொபைலில் தட்டச் சொல்லும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். ஊழியர்களிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லி வையுங்கள்: நீங்கள் நுழையாதபோது கோரிக்கை வந்தால் மறுத்துவிட்டு உடனே என்னைக் கூப்பிடுங்கள், இரவு எத்தனை மணி ஆனாலும் பரவாயில்லை. அப்படிக் கூப்பிட்டவரை ஒருபோதும் கடிந்துகொள்ளாதீர்கள். ஒருமுறை கடிந்தால் அடுத்தமுறை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

எல்லாப் பூட்டும் போட்ட பிறகு நீங்களே வெளியே நின்றுவிடவும் கூடாது. அவசரத்துக்கென்று இரண்டு அட்மின் கணக்குகளை வைத்து, அவற்றின் நீளமான பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி முதலாளியின் பெட்டகத்தில் வையுங்கள். அந்தக் கணக்கில் யாராவது நுழைந்தால் உடனே உங்களுக்கு மெயில் வரும்படி செய்யுங்கள்.

அட்மின் உரிமை

நீங்கள் மெயில் பார்க்கும் கணக்கும் சர்வரை நிர்வகிக்கும் கணக்கும் வேறு வேறாக இருக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடவே வேண்டாம். மெயிலில் வந்த ஒரு தவறான இணைப்பை அட்மின் கணக்கில் இருந்துகொண்டு திறந்தால் மொத்த டொமைனும் போய்விடும். ஊழியர்களின் கம்ப்யூட்டரில் அவர்களுக்கு அட்மின் உரிமை வேண்டாம். பிரிண்டர் டிரைவர் போட உங்களைக் கூப்பிடுவார்கள், அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே லோக்கல் அட்மின் பாஸ்வேர்ட் இருந்தால் ஒன்று உடைந்ததும் எல்லாம் உடையும். அதை ஒவ்வொன்றுக்கும் தனியாக, தானாக மாற்றித் தரும் லேப்ஸ் வசதி 2023 ஏப்ரல் முதல் விண்டோஸிலேயே சேர்ந்து வருகிறது. தனியே காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

இப்போது நெட்வொர்க்

இங்கேயும் அதே கேள்விதான். ஃபயர்வாலில் அல்லது ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறந்து, வெளியிலிருந்து உள்ளே வர எது திறந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டு இருக்கும். ஆடிட்டர் வீட்டிலிருந்து டாலி பார்ப்பதற்காக 3389-ஐத் திறந்திருப்பார்கள், அது ரிமோட் டெஸ்க்டாப். முதலாளி மொபைலில் சிசிடிவி பார்ப்பதற்காக, கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் டிவிஆரின் போர்ட்டைத் திறந்திருப்பார்கள். இரண்டையும் மூடுங்கள். போர்ட் எண்ணை மாற்றி வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். இணையம் முழுவதையும் இரவு பகலாகத் துழாவும் நிரல்கள் மாற்றிய எண்ணையும் கண்டுபிடித்துவிடும். வெளியிலிருந்து வர வேண்டியவர்கள் விபிஎன் வழியாக, இரண்டடுக்குச் சரிபார்ப்போடு வரட்டும்.

டிவிஆரைக் குறைத்து எடைபோடாதீர்கள். 2016-ல் மிராய் என்ற நிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் ரூட்டர்களையும் பிடித்துப் படையாகத் திரட்டியது. அந்த அக்டோபர் 21-ல் தளப் பெயர்களை முகவரி எண்களாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையை நடத்திய டின் என்ற நிறுவனத்தின் மேல் நடந்த தாக்குதலில் ட்விட்டர் போன்ற தளங்கள் பல மணி நேரம் திறக்கவில்லை. அதில் ஓடிய மிராய் நிரலிடம் இருந்தது சில டஜன் பெயர்-பாஸ்வேர்ட் ஜோடிகள்தான்.

அடுத்து, உள்ளே தடுப்புச் சுவர்கள். 2017 மே 12-ல் பரவத் தொடங்கிய வன்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் நிரல், கோப்புப் பகிர்வுக்கான 445 போர்ட் வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பக்கத்துக் கம்ப்யூட்டருக்குத் தானே தாவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. எல்லாக் கருவிகளும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் தாவுவதற்குத் தடையே இல்லை. சுவிட்சுகள் வி-லேன் வசதி, அதாவது ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் வசதி உள்ளவையாக இருந்தால் ஐந்தாகப் பிரியுங்கள்: ஊழியர் கம்ப்யூட்டர்கள், சர்வர்கள், கேமராவும் பயோமெட்ரிக் கருவியும், விருந்தினர் வைஃபை, சுவிட்ச் ஃபயர்வால் இவற்றின் நிர்வாகம். பிரித்தால் மட்டும் பயனில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எது போகலாம் என்ற விதியை ஃபயர்வாலில் எழுத வேண்டும். எல்லாவற்றையும் மூடிவிட்டு, தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் யார் கேட்டது, எந்தத் தேதி என்று குறிப்பு எழுதுங்கள். ஒரு வருடம் கழித்து அந்தக் குறிப்பு இல்லாத விதியைத் தொட உங்களுக்கே தைரியம் வராது. இந்த வேலையை ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள். திங்கள் காலை பிரிண்டர் வேலை செய்யாமல் போகும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

வைஃபைக்கு ஒரே பாஸ்வேர்ட் வைத்தால் அது ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்ட் ஆகிவிடும். நுழைபவரின் கணக்கைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் வைத்து ஒவ்வொருவரும் தம் சொந்தக் கணக்கில் வைஃபைக்குள் நுழையும்படி செய்தால், ஆள் போகும் நாளில் கணக்கை முடக்கினாலே வைஃபையும் நின்றுவிடும்.

பேட்ச் போடுவதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸ் பேட்ச் மாதம் ஒருமுறை, ஃபயர்வால், விபிஎன் கருவிகளின் பேட்ச் வந்த வாரமே. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அந்தக் கம்ப்யூட்டர்களை மாற்ற முடியாவிட்டால் தனி வி-லேனில் ஒதுக்கி, இணையத்தை நிறுத்துங்கள்.

மெயிலுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் உங்கள் இணைய முகவரியின் டிஎன்எஸ்ஸில் போடுங்கள். உங்கள் முகவரியிலிருந்து வந்ததுபோல வேறொருவர் அனுப்புவதை இது பெருமளவு தடுக்கும். டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரம் பார்த்து, பிறகு இறுக்குங்கள். ஒரு மெயில் பெட்டி பறிபோய் மீட்டெடுத்தால், அதில் தானாக ஃபார்வர்ட் செய்யும் விதி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். திருடியவர் போன பிறகும் அந்த விதி மெயில்களை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

லாகும் நேரமும்

இந்தியாவில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவு சிறிய நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். பாதுகாப்புச் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், யார் எப்போது என்ன செய்தார் என்று கருவிகள் எழுதும் பதிவான லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும், எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். கடிகாரம் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஃபயர்வால் ஒரு நேரமும் சர்வர் இன்னொரு நேரமும் காட்டினால் யார் முதலில் எங்கே நுழைந்தார் என்று கோர்த்துப் பார்க்கவே முடியாது. பல ஃபயர்வால்கள் தம்மிடம் சில நாள் லாக் மட்டுமே வைத்துக்கொள்ளும், அதனால் தனியாக ஒரு லாக் சர்வர் தேவைப்படும்.

எல்லா லாகையும் தினமும் படிக்க ஆள் இல்லை. விண்டோஸில் நான்கு எண்களோடு தொடங்குங்கள்: 4625 தோல்வியடைந்த நுழைவு முயற்சி, 4720 புதுக் கணக்கு தொடங்கியது, 4732 ஒருவரை லோக்கல் குழுவில் சேர்த்தது, 1102 லாகையே யாரோ அழித்தது. கடைசி எண் வந்தால், நீங்கள் செய்ததாக இல்லாவிட்டால், கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

பேக்கப் மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று அலுவலகத்துக்கு வெளியே. அந்த மூன்றில் ஒன்றாவது டொமைன் அட்மின் கணக்கால் அழிக்க முடியாததாக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு கோப்புறையைத் திருப்பி எடுத்துப் பாருங்கள்.

ஏதாவது நடந்துவிட்ட நாள்

பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள். மின்சாரத்தை நிறுத்தாதீர்கள், நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும். அந்தக் கம்ப்யூட்டரில் அட்மின் கணக்கோடு நுழையாதீர்கள். திரையை மொபைலில் படம் எடுத்து, நேரத்தைத் தாளில் எழுதுங்கள். பேக்கப் சாதனம் இணைந்திருந்தால் அதையும் உடனே துண்டியுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கும் அந்த நிமிடமே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. செர்ட்-இன்னுக்கான 6 மணி நேரக் கணக்கும் ஓடத் தொடங்கியிருக்கும்.

அன்று மெயில் வேலை செய்யாமல் போகலாம், எக்செல் கோப்பும் திறக்காமல் போகலாம். அதனால் முதல் வாரம் எடுத்த அந்தப் பட்டியலோடு, முதலாளி, வங்கி மேலாளர், இணையச் சேவை நிறுவனம், ஃபயர்வால் விற்றவர், செர்ட்-இன் இவர்களின் தொலைபேசி எண்களையும் சேர்த்து அச்சடியுங்கள். ஒரு பிரதி பெட்டகத்தில் அந்த உறையோடு இருக்கட்டும், இன்னொன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக அச்சடித்து, மேலே தேதி எழுதி, பழையதைக் கிழித்துப் போடுங்கள்.